நான்காம் பத்தி

ஏற்காடு. விருந்தினர் மாளிகை. இரவு பதினொன்று.
பனி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து
எங்கள் மேஜையைப் பார்க்கிறது.
மேஜையில் மூன்று தலைப்புகள், ஆறிப்போன காபி,
ஓர் எண்.

எண் கீழே போயிருக்கிறது,
இருபது கொண்டை ஊசி வளைவையும்
பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரி போல.

"'சரிவு' வேண்டாம்" என்கிறார் திருமூர்த்தி,
மக்கள் தொடர்பில் இருபத்தாறு வருஷம்.
"மூணே எழுத்து. எட்டுக் காலத்துக்கு நல்லா நீளும்.
'மிதமடைதல்'னு போடுங்க.
எந்தத் துணையாசிரியரும் அதத் தலைப்புல வைக்க மாட்டாரு."

போட்டேன்.
அமைச்சரின் வாயில் என் வாக்கியங்கள்
பதினோரு வருஷமாகக் குடியிருக்கின்றன,
வாடகை கேட்டதில்லை அவர்.
பெயர்ப்பலகை கேட்டதில்லை நான்.

பிறகு பங்கீடு.
ஜவ்வரிசி ஆலைக்கு மின்கட்டணச் சலுகை:
இன்றிரவே, ஒரே ஒரு காலை நாளிதழுக்கு,
'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' பெயரில்.
(அந்த வட்டாரம் இப்போது கட்டிலில் உட்கார்ந்து
சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறது.)
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள்: முதல் பத்தி,
கேமரா சூடாக இருக்கும்போதே.
இரும்பாலை இரண்டாவது;
வாக்குறுதி கிடையாது, நம்பிக்கை மட்டும்.
மூன்றாவதில் ஒரு பழமொழி,
கைதட்டலுக்கு இரண்டு வரி இடம் விட்டு.

நான்காம் பத்திக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள்,
என் கையெழுத்தில்:
(இங்கே நிறுத்தி, தண்ணீர் குடிக்கவும்.)

எல்லாம் அந்த ஒரு மடக்கில் இருக்கிறது.
அவர் ஒரு மடக்குக் குடிப்பதற்குள்
கேமராக்காரர்கள் ஸ்டாண்டை மடக்குவார்கள்.
வெளியே பிரியாணி அண்டாவின் மூடி திறக்கும்.
அதற்குப் பிறகு வரட்டும் எண்.

மறுநாள் அஸ்தம்பட்டி மண்டபத்தில்
எழுதியது எழுதியபடி நடந்தது.
பழமொழிக்குத் தட்டினார்கள்.
டம்ளர் உயர்ந்தது, வாசனை வந்தது,
நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.
சின்னப்பையன்,
ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்,
நாலே பக்க மாலைப் பத்திரிகை.
கேள்வி நேரத்தில் கேள்வி ஏதும் கேட்கவில்லை.
கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார்,
அவ்வளவுதான்.

சாயங்காலம் டிவியின் அடியில்
எங்கள் தலைப்புகள் வரிசை தப்பாமல் ஓடின.
வெள்ளி. இரும்பு. நம்பிக்கை.
திருமூர்த்தி எல்லோருக்கும்
தட்டுவடை செட் வாங்கி வரச் சொன்னார்,
காரம் தூக்கலாக.

அப்போதுதான் வந்தது அந்த மாலைத் தாள்,
மை விரலில் ஒட்டிக்கொண்டு.
மூன்றாம் பக்கம், மரவள்ளி மூட்டை விலைக்குக் கீழே,
ஒற்றைக் காலம்:

'பதினொன்று நாற்பத்திரண்டுக்கு
அமைச்சர் தண்ணீர் குடித்தார்.
குடித்ததும் ஓர் எண் சொன்னார்.
போன வருஷம் ஓமலூரில் குடித்தார், ஓர் எண் சொன்னார்.
அதற்கு முந்தைய வருஷம் வாழப்பாடியில்.
மூன்று எண்களும் கீழே தரப்பட்டுள்ளன.
மூன்றும் கீழேதான் போகின்றன.
வாசகர்கள் இனி டம்ளரைக் கவனிக்கவும்.'

இரண்டு தடவை படித்தேன்.
பதினோரு வருஷத்தில்
என்னை இவ்வளவு நிதானமாக
யாரும் வாசித்ததில்லை.

மடித்துப் பைக்குள் வைப்பதற்குள்
திருமூர்த்தி பார்த்துவிட்டார்.
"எவ்வளவு போகும் இது?"
"ஆறாயிரம் பிரதி, சார்."
தட்டுவடையை மெதுவாக மென்றார்.
பீட்ரூட் துருவல் ஒன்று
அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.
"ஆறாயிரம்தானே" என்றார் முதலில்.
துடைத்தார். பரவியது.
"சரி, அடுத்த தடவ இருமல் வெச்சுக்கலாம்."

குறித்துக்கொண்டேன்: இருமல்.
ஆத்தூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று
ஏனோ டிரைவரிடம் கேட்டேன்.